கறிவேப்பிலைச் செடியில் ஒரு விருந்தாளி!

முழு ஆண்டுப் பரீட்சை முடிந்து தாத்தா, பாட்டி ஊருக்குப் போகும் பிள்ளைகள், மூன்றாம் நாளே ‘போர் அடிக்குது’ என்று மொபைலைத் தேடுவார்கள். அப்போது அவர்களைக் கொல்லைப்புறத்துக் கறிவேப்பிலைச் செடிக்கு முன்னால் நிறுத்துங்கள். ‘இலையில காக்கா எச்சம் மாதிரி ஏதாவது இருக்கா, தேடு’ என்றால் போதும்.

இலை மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ‘எச்சம்’ மெல்ல நகரும். அது கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு. பறவைகளிடமிருந்து தப்பிக்கத்தான் இந்த வேஷம். வளர்ந்ததும் இலையோடு இலையாகப் பச்சைக்கு மாறிவிடும். குச்சியால் லேசாகத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாகக் கொம்பு போல ஒன்றை நீட்டும், நெடியும் அடிக்கும். ஒரு முறை பார்த்தால் போதும், பாவம்!

சிக்கல் பாட்டியிடம்தான். ஆசையாக வளர்த்த செடியை மொட்டையடிக்கும் புழுவை அவர் நசுக்கிவிடுவார், இல்லையென்றால் மருந்து அடிப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. பேத்தியை விட்டுப் பேசி, ஒரே ஒரு கிளையை மட்டும் புழுவுக்குக் கேட்டு வாங்குங்கள். முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி... எல்லாம் சுமார் ஒரு மாதத்தில் நடந்து முடிந்துவிடும். விடுமுறைக்குள் கணக்கு சரியாக இருக்கும்.

வெளியே வருவது பெண்ணாக இருந்தால் இன்னொரு வேஷமும் உண்டு. இவற்றில் பல, ரோஜா அழகி என்ற வேறு பூச்சியை அச்சு அசலாக ஒத்திருக்கும். ரோஜா அழகியின் புழு தின்பது ஆடுதீண்டாப்பாளைக் கொடியை. பெயரே சொல்கிறதே, ஆடுகூடத் தொடாது! அந்தக் கொடியின் நஞ்சு உடம்பில் சேர்வதால் ரோஜா அழகியைப் பறவைகள் ஒதுக்கிவிடும். அந்த மரியாதையில் கறிவேப்பிலை அழகியும் பிழைத்துக்கொள்கிறது. நஞ்சு கொஞ்சமும் கிடையாது, எல்லாம் உடுப்புதான்.

பறவை பார்க்க விடியற்காலை நல்லது. கோடையில் விடாமல் கூவும் குயில் கறுப்பு நிற ஆண். பெண் குயில் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகளோடு, காக்கைக் கூட்டை நோட்டம் விட்டபடி இலை மறைவில் இருக்கும். கிணற்றோரத்து மரத்திலும் பனையிலும் தூக்கணாங்குருவிக் கூடுகளைப் பாருங்கள். சில பாதியிலேயே நிற்கும். ஆண் பாதி வரை பின்னிவிட்டுக் காத்திருக்கும்; பெண் வந்து பார்த்துப் பிடித்தால்தான் மீதி வேலை. பெண் பார்க்கும் படலம் அங்கே தலைகீழ்!

பறவையின் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் போன்ற செயலிகள் மொபைலில் உண்டு. கேட்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்த குரலை ஒலிக்க விட்டால், எதிரி வந்துவிட்டது என்று பறவை கூட்டை விட்டு ஓடி வரும். அந்த நேரத்தில் முட்டையைக் காக்கை தூக்கிவிடலாம். செல்ஃபிக்காகக் கிளையை வளைப்பதும் அப்படித்தான்.

திருநெல்வேலிப் பக்கம் ஊர் என்றால் ஒருநாள் கூந்தன்குளம் போய் வாருங்கள். குளத்தில் தண்ணீர் நிற்கும் ஆண்டுகளில், கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் தெருவோர மரங்களிலும் வீட்டு முற்றத்து மரங்களிலுமே கூடு கட்டுகின்றன. வாசலெல்லாம் எச்சமும் மீன் நாற்றமும்தான். ஆனால் ஊர்க்காரர்கள் விரட்டுவதில்லை. பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்பது அவர்கள் நம்பிக்கை. எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரமும் ஆகிறது. போகும்போது தொப்பியை மறக்க வேண்டாம். வெயிலுக்கு மட்டுமல்ல!