நிறுத்துவதற்கு ஒரு ஒயர்

மொட்டைமாடி விமானங்கள் – 14

காந்திவலி சார்கோப்பில் அமோல் யாதவ் அடுக்குமாடி வீட்டின் மொட்டைமாடியிலேயே ஆறு பேர் உட்காரும் விமானத்தைக் கட்டியதும், அது வி.டி.-என்.எம்.டி. என்று பதிவாகி 2020இல் துலேயில் தரையை விட்டு எழும்பியதும் பழைய கதை. கார் எஞ்சினுக்கு கியர் பூட்டும் விவகாரமும் போன வாரத்தோடு தீர்ந்தது. மறந்தவர்கள் பழைய இதழ்களைத் தேடிக்கொள்ளட்டும். இந்த வாரம் கரண்ட்.

செம்பூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “குர்லாவில் பழைய எஸ்டீம் எஞ்சின் ஒயரிங்கோடு கிடைக்கிறது. காரில் பத்து வருஷம் மக்கர் பண்ணாமல் ஓடியதை அப்படியே தூக்கி விமானத்தில் வைத்தால் என்ன கெட்டுப்போகும்?” கேள்வி நியாயமானது. எஸ்டீம், ஜிப்ஸி, ஸென் வண்டிகளில் வந்த சுஸுகி ‘ஜி’ வரிசை எஞ்சின்களை வெளிநாடுகளில் சொந்தமாக விமானம் கட்டுபவர்கள் உண்மையாகவே பூட்டிப் பறந்திருக்கிறார்கள். ஒயரிங்கும் ஓடும். ஒருநாள் ஓடாமல் போகும்போது எந்தத் திசையில் போகிறது என்பதில்தான் பஞ்சாயத்து.

அதற்குமுன் வாசகர் எஞ்சின் விலை கேட்கப் போகிற அதே குர்லா சி.எஸ்.டி. ரோட்டில் அண்ணாந்து பார்க்கட்டும். உதிரிபாகக் கடைகளில் நாலுக்கு ஒன்றிலாவது பாஷ் கம்பெனியின் போர்டு தொங்கும். பெயருக்குப் பக்கத்தில் ஒரு வட்டம், அதற்குள் ‘எச்’ எழுத்து போல ஒரு உருவம். அது ‘எச்’ இல்லை. பாஷ் என்ற பெயரில் எச் இருப்பதால் அப்படி வைத்தார்கள் என்று நினைப்பவர்கள் நிறைய. ப்ளக்குக்கு வேண்டிய கரண்டைத் தானே செய்யும் மேக்னெட்டோ என்ற கருவிக்குள் சுழலும் ஆர்மேச்சரைக் குறுக்காக வெட்டினால் தெரியும் வடிவம் அது. 1902இல் உயர் அழுத்த மேக்னெட்டோவைச் செய்து முடித்த பாஷ் என்ஜினீயர் காட்லோப் ஹோனோல்ட்தான் 1918இல் இந்தச் சின்னத்தையும் வரைந்தார். நம் ஊரில் 1951இல் தொடங்கி ‘மைக்கோ ப்ளக்’ என்று மெக்கானிக்குகள் வாயில் புழங்கிய கம்பெனி 2008இல் பாஷ் என்றே பெயர் மாற்றிக்கொண்டது. ஆக, கார்க்காரர்கள் எப்போதோ தூக்கிப்போட்ட ஒரு கருவியின் படத்தை கார்க் கடைகளே இன்னும் வாசலில் மாட்டி வைத்திருக்கின்றன.

விமானக்காரர்கள் தூக்கிப்போடவில்லை. துலேயில் மாணவர்கள் பழகும் செஸ்னா வகை விமானங்களைத் திறந்தால், எஞ்சினின் முதுகில் இரண்டு மேக்னெட்டோக்கள் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ப்ளக், ஒரு மேக்னெட்டோவுக்கு ஒரு ப்ளக் வீதம். பேட்டரியைக் கழற்றி வீசினாலும் எஞ்சினுக்குத் தெரியாது. அது சுற்றுகிறவரை மேக்னெட்டோ தன் கரண்டைத் தானே செய்துகொள்ளும்.

பழைய டி.வி.எஸ். 50 ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பேட்டரி செத்த வண்டியும் மிதித்தால் கிளம்பும். அந்த வண்டியைத் திருடியவர்களுக்கு இன்னொரு உண்மையும் தெரியும். சாவியிலிருந்து வரும் ஒயரை அறுத்தால் வண்டி கிளம்பிவிடும். ஏனென்றால் மேக்னெட்டோ உள்ள எஞ்சினில் சாவியின் வேலை கரண்ட் கொடுப்பது இல்லை. கரண்டை எர்த் பண்ணி எஞ்சினை வாயடைக்க வைப்பதுதான். அந்த ஒயர் எஞ்சினை ஓட்டுவதற்கு இல்லை, நிறுத்துவதற்கு மட்டும்.

விமானத்திலும் இதே கதை. மேக்னெட்டோவிலிருந்து சுவிட்சுக்கு வரும் அந்த ஒற்றை ஒயர் எங்காவது உரசி அறுந்தால் எஞ்சின் நிற்காது. நிறுத்த முடியாமல் போகும், அவ்வளவுதான். அதனால்தான் சுவிட்ச் ‘ஆஃப்’பில் இருந்தாலும் புரொப்பெல்லரைக் கையால் தள்ளக்கூடாது என்று ஃப்ளையிங் கிளப்பில் முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். அறுந்த ஒயரோடு நிற்கும் எஞ்சின் ஒரே ஒரு தள்ளலில் உயிர்பெறும். தரையில் நிற்பவருக்கு அது ஆபத்து, பறப்பவருக்கு வரம். கார் இக்னிஷனில் நேர் எதிர்: ஒயர் அறுந்தால் எஞ்சின் சாகும். கீழே இருப்பவர் பிழைப்பார்.

செஸ்னா 152இல் ஓடுபாதைக்குப் போகுமுன் எஞ்சினை 1,700 சுற்றில் வைத்து ஒரு மேக்னெட்டோவை மட்டும் ஓடவிட்டுப் பார்ப்பார்கள், பிறகு மற்றதை. சுற்று 125க்கு மேல் இறங்கக்கூடாது. இரண்டுக்கும் வித்தியாசம் 50ஐத் தாண்டக்கூடாது. கொஞ்சமும் இறங்காவிட்டால்? அப்போதும் சந்தேகப்பட வேண்டும். அந்த எர்த் ஒயர் அறுந்திருக்கலாம்; அணைத்ததாக நினைத்த மேக்னெட்டோ இன்னும் வேலை செய்துகொண்டிருக்கலாம்.

மேக்னெட்டோ இல்லாத கார் எஞ்சினுக்குத் தேவைப்படும் இரண்டு பேட்டரி ஒயரிங் படத்துக்கு இப்போது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் இந்த வாரம் படிக்கும்போது டேட்டன் என்ற ஊர் குறுக்கே வந்து உட்கார்ந்துவிட்டது.

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து டேட்டன், ரைட் சகோதரர்களின் ஊர். 1903 டிசம்பர் 17 அன்று கிட்டி ஹாக்கில் பறந்த அவர்களின் எஞ்சினில் ப்ளக்கே கிடையாது. சிலிண்டருக்குள் இரண்டு தொடுமுனைகள் ஒட்டி விலகும்போது பொறி வரும். அதற்கான கரண்டை ஃப்ளைவீல் உரசிச் சுழற்றும் மேக்னெட்டோ கொடுத்தது. கிளப்புவதற்கு மட்டும் உலர் பேட்டரிகளும் ஒரு காயிலும். எஞ்சின் பிடித்ததும் அந்தப் பெட்டியைக் கழற்றி மணலிலேயே வைத்துவிட்டார்கள். முதல் விமானத்தில் ஏறாமல் தரையில் நின்ற பயணி அந்த பேட்டரி.

அதே டேட்டனில் கல்லாப்பெட்டி செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவர் சார்லஸ் கெட்டரிங். எட்வர்ட் டீட்ஸோடு சேர்ந்து டெல்கோ என்ற கம்பெனியைத் தொடங்கி, மேக்னெட்டோவுக்குப் பதிலாக பேட்டரி, காயில், பாயிண்ட் என்ற ஏற்பாட்டை 1910 கெடிலாக் காருக்குக் கொடுத்தார். 1912 கெடிலாக்கில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. அம்பாசடர், பத்மினி ஓட்டிய தலைமுறை முழுக்கப் ‘பாயிண்ட் அடிச்சிருக்கு’ என்று திட்டியது இவருடைய ஏற்பாட்டைத்தான். கிங்ஸ் சர்க்கிளில் மழைத்தண்ணீர் நிற்கும் நாட்களில் பத்மினி டாக்ஸிக்காரர்கள் பானெட்டைத் தூக்கி டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் துணியால் துடைத்ததும் இவர் புண்ணியம்.

விமானமும் கெட்டரிங்கின் பேட்டரி இக்னிஷனும் ஒரே ஊரில் சில வருஷ இடைவெளியில் பிறந்தன என்பதே போதுமான சுவாரஸ்யம். அதற்கு மேலும் உண்டு. 1917இல் அமெரிக்கா போரில் இறங்கியபோது அரசு லிபர்ட்டி என்ற 12 சிலிண்டர் விமான எஞ்சினை அவசரமாக வடிவமைத்தது. அதில் மேக்னெட்டோ இல்லை! 24 ப்ளக்குகளுக்கும் டெல்கோவின் பேட்டரி இக்னிஷன்தான். விமானத் தயாரிப்பை மேற்பார்த்த ராணுவ அதிகாரி யார் என்று பார்த்தால் அதே டீட்ஸ். ‘தன் கம்பெனிச் சரக்கைத் தானே தலையில் கட்டிவிட்டார்’ என்று கூச்சல் எழுந்து 1918இல் விசாரணை வரை போனது. கடைசியில் தண்டனை ஏதும் இல்லை. எஞ்சின் என்னவோ 20,000க்கு மேல் தயாரானது, பறந்தது. பேட்டரியை நம்பி வானத்தில் போவது நம் செம்பூர் வாசகர் கண்டுபிடித்த பைத்தியக்காரத்தனம் இல்லை என்பதற்காகத்தான் இவ்வளவும். சண்டைக்கு வயது நூறு தாண்டிவிட்டது.

சரி, எஸ்டீம்.

கார்புரேட்டர் எஞ்சினுக்குக் காயில் இழுக்கும் சில ஆம்பியர் போதும். பெட்ரோல் பம்ப்கூட எஞ்சின் தள்ளும் மெக்கானிக்கல் பம்ப். எம்.பி.எஃப்.ஐ. என்ற இன்ஜெக்ஷன் முறை வந்த பிறகு கணக்கு மாறிவிட்டது. டேங்கில் எலக்ட்ரிக் பம்ப், இன்ஜெக்டர்கள், காயில்கள், இவை அத்தனைக்கும் எஜமானாக ஒரு கம்ப்யூட்டர். எல்லாம் சேர்ந்து சுமார் 12 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளலாம். விமானத்தில் எடை பார்த்து வைக்கும் சின்ன பேட்டரி 18 ஆம்பியர்-அவர் என்றால் ஒன்றரை மணி நேரம் என்று மனக்கணக்கு சொல்லும். பேட்டரி மேல் அச்சடித்த அந்த எண், 20 மணி நேரம் சொட்டுச் சொட்டாகக் கறந்தால் கிடைப்பது. 12 ஆம்பியரில் உறிஞ்சினால் அவ்வளவு வராது. பேட்டரிக்கு இரண்டு வயதாகி, டெர்மினலும் பூத்துப்போயிருந்தால் முக்கால் மணி நேரத்தை நம்புவதே தைரியம். ஆல்டர்னேட்டர் செத்த நிமிடத்திலிருந்து விமானியின் உண்மையான பெட்ரோல் அளவு அதுதான். டேங்க் நிறைய இருந்தும் பயனில்லை.

ஆல்டர்னேட்டர் சாவதைவிட மோசமான ஒன்று உண்டு. அதற்குத் தாராவிக்குப் போக வேண்டும்.

தொண்ணூறடி ரோட்டுப் பக்கம் ஆட்டோ எலக்ட்ரிக் கடைகளில் சார்ஜ் ஏறவில்லை என்று வண்டியை விட்டால், பழைய கைகள் மீட்டரைத் தேடுவதில்லை. எஞ்சினை ஓடவிட்டு, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் ஒரு டெர்மினலைத் தளர்த்தித் தூக்குவார்கள். வண்டி நிற்காமல் ஓடினால் டைனமோ நல்லது. “அண்ணாச்சி, கம்ப்யூட்டர் வண்டி, அப்படிச் செய்யாதீங்க” என்றால், “இருபது வருசமா இப்படித்தான் பாக்குறோம், ஒண்ணும் ஆகாது தம்பி” என்பார்கள். அசல் டைனமோ இருந்த காலத்தில் அது சரிதான்.

ஆல்டர்னேட்டர் நல்ல சார்ஜில் இருக்கும்போது டெர்மினலைத் தூக்கினால், உள்ளே ரோட்டரின் காந்தம் அந்த நொடியிலேயே அடங்காது. கரண்ட் போய்க் குடியேற பேட்டரி இல்லை. வோல்டேஜ் எகிறுகிறது. தடுப்பு எதுவும் இல்லாத 12 வோல்ட் வண்டியில் அது 80ஐத் தாண்டும். கொஞ்சமே நேரம், ஒரு நொடிக்கும் குறைவு. கம்ப்யூட்டரின் சில்லுகளுக்கு அதுவே போதும். இப்போதைய ஆல்டர்னேட்டர்களில் ஜீனர் டயோடு வைத்து 35 வோல்ட் அளவில் அமுக்கிவிடுகிறார்கள். பழைய சாமானில் அதை நம்ப முடியாது. காரில் இந்த விபத்து நடந்தால் டோ வண்டி வரும். விமானத்தில் பம்ப், பொறி, இன்ஜெக்டர் மூன்றும் ஒரே கம்ப்யூட்டரோடு போய்விடும்.

இதற்கு அண்ணன் ஒருவன் இருக்கிறான்: ரெகுலேட்டர் கோளாறு. டெர்மினல் எல்லாம் இறுக்கமாக இருக்கும்போதே ரெகுலேட்டர் ரோட்டருக்கு முழுக் கரண்டைத் திறந்துவிட்டால் வோல்டேஜ் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். சுவிட்சைப் போட்டு அடக்கலாமா? பெரும்பாலான கார் ஆல்டர்னேட்டர்களில் ரெகுலேட்டர் வயிற்றுக்குள். ஒருமுறை சார்ஜ் செய்யத் தொடங்கினால் வெளியிலிருந்து ‘போதும்’ என்று சொல்ல ஒயரே இல்லை. கார் செய்தவர்கள் அப்படி ஒரு தேவையை நினைத்ததில்லை. மேக்னெட்டோவுக்கு இருந்த அந்த நிறுத்தும் ஒயர், வேண்டிய இடத்தில் இங்கே இல்லை.

அதனால் சொந்தமாக விமானம் கட்டுபவர்களில் பலர் ஆல்டர்னேட்டரைப் பிரித்து, ரெகுலேட்டரைப் பிடுங்கி, பிரஷ்ஷுக்குப் போகும் ஒயரை வெளியே இழுத்துக்கொள்கிறார்கள். ரெகுலேட்டர் தனியாக ஃபயர்வாலில். ரோட்டருக்குப் போகும் கரண்ட் ஐந்து ஆம்பியர் பிரேக்கர் ஒன்றின் வழியாக மட்டும். கூடவே சின்னதாக ஒரு காவல்காரன்: வோல்டேஜ் 16ஐத் தாண்டினால் அந்த ஒயரை வேண்டுமென்றே எர்த்தில் ஷார்ட் பண்ணும் சர்க்கியூட். பிரேக்கர் விழும், ரோட்டர் காந்தம் இழக்கும், ஆல்டர்னேட்டர் அடங்கும். கன்ஸாஸ் மாநிலத்து பாப் நக்கல்ஸ் விமான ஒயரிங் பற்றிய தன் புத்தகத்தில் இந்த ஏற்பாட்டைப் பல வருஷம் பிரசங்கம் செய்தார். வீடு பற்றிக்கொள்ளுமுன் தன் வீட்டு ஃப்யூஸைத் தானே அடித்துவிடுவது போல. முதலில் கேட்கும்போது முட்டாள்தனமாகத் தோன்றும். தாராவி எலக்ட்ரீஷியனிடம் சொன்னால் சிரிப்பார். ஷார்ட் வராமல் பார்ப்பது அவர் தொழில்.

முறைப்படி வரும் தீர்வு எப்படி இருக்கும் என்று பார்க்க பெங்களூரு போகலாம். தேசிய விண்வெளி ஆய்வகத்தின் ஹன்ஸா-என்.ஜி. 2021 செப்டம்பர் 3 அன்று முதலில் பறந்தது. அதன் ரோட்டாக்ஸ் 912 எஞ்சினும் கம்ப்யூட்டர் இன்ஜெக்ஷன்தான், கரண்ட் இல்லாமல் ஓடாது. ஆனால் எஞ்சினுக்குள்ளேயே இரண்டு ஜெனரேட்டர்கள். ஒன்று எஞ்சினின் சொந்தப் பாட்டுக்கு, மற்றது விளக்கு, ரேடியோ வகையறாவுக்கு. முதலாவது போனால் இரண்டாவது எஞ்சினுக்கு உழைக்கும், விளக்கும் ரேடியோவும் பேட்டரியை மட்டும் நம்பியிருக்கும். எஸ்டீமுக்கு அந்த வசதி இல்லாததால்தான் இரண்டு பேட்டரி.

அந்த இரண்டு பேட்டரி ஒயரிங் படம், பாடி எர்த் இல்லாத மர விமானத்தில் நெகட்டிவை எங்கே கொண்டுபோய்க் கட்டுவது என்ற தலைவலி, ஆல்டர்னேட்டர் ரேடியோவில் ஊளையிடுவது – எல்லாம் அடுத்த வாரம். செம்பூர் வாசகர் அதுவரை எஞ்சினுக்கு முன்பணம் கொடுக்காமல் இருப்பது நல்லது. கொடுத்தேவிட்டால், கடைக்காரர் ஓட்டிக் காட்டும்போது டெர்மினலைத் தூக்காமல் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளட்டும்.

(தொடரும்)