ஹெட்போன் எரிந்தால் ஆம்ப்ளிபயரையும் சோதியுங்கள்

மளிகைக் கடையில் ஹெட்போனுக்கு என்ன வேலை என்று கேட்ட காலம் போய்விட்டது. கல்லாவுக்கு மேலே ஷாம்பு சரம் தொங்கிய இடத்தில் இன்று சார்ஜரும் இயர்போனும் ஹெட்போனும் சேர்ந்து தொங்குகின்றன. பருப்பு, எண்ணெயை விட இதில் லாபம் கூடுதல்தான். ஆனால் "ஓடவில்லை" என்று திரும்பி வரும் சரக்கும் இதில்தான் அதிகம். அப்படித் திரும்புவதெல்லாம் மட்டமான சரக்கு அல்ல என்பதை மூன்று ஹெட்போன்களைப் பறிகொடுத்த பிறகே நான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் பகுதியில் மைக் செட் வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவர் ரூ.650 கொடுத்து ஒரு ஹெட்போன் வாங்கிப் போனார். மறுநாள் மாலையே வந்துவிட்டார். "அண்ணாச்சி, இடது பக்கம் கேட்கவே இல்லை" என்றார். பழகிய மனிதர், மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்தேன். இரண்டு நாளில் அதுவும் திரும்பி வந்தது. சரி, நம் கண் முன்னாலேயே பார்த்துவிடுவோம் என்று மூன்றாவதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். செருகியதும் 'டப்' என்று ஒரு சத்தம், பின்னாலேயே கருகிய வாடை. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

விசாரித்தால், இடது பக்க ஸ்பீக்கரில் காயில் ஏற்கெனவே எரிந்து போயிருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கர் முனையிலிருந்து வயர் இழுத்துத் தாமே ஒரு சாக்கெட் போட்டு, ஹெட்போனை வைத்துச் சோதித்துக் கொண்டிருந்தார். மெக்கானிக் வந்து மீட்டர் வைத்தார். பாட்டு எதுவும் ஓடாத நிலையிலேயே அந்தப் பக்கம் 14 வோல்ட் டி.சி. காட்டியது.

விஷயம் இதுதான். பாட்டாகவும் பேச்சாகவும் வருவது ஏ.சி. மின்சாரம். அது ஸ்பீக்கர் காயிலை முன்னும் பின்னும் அசைக்கும். அந்த அசைவுதான் சத்தம். டி.சி. வந்தால் காயில் ஒரே பக்கம் தள்ளப்பட்டு அப்படியே நின்றுவிடும். சத்தம் இருக்காது, சூடு மட்டும் ஏறும். ஹெட்போன் காயில் கம்பியோ தலைமுடியை விட மெல்லியது. 32 ஓம்ஸ் ஹெட்போனில் 14 வோல்ட் டி.சி. பாய்ந்தால் சுமார் 6 வாட். சாதாரண ஹெட்போன் தாங்குவது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். எரியாமல் என்ன செய்யும்?

ஆம்ப்ளிபயரின் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனாலோ, அதை இயக்கும் பகுதியில் பழுது வந்தாலோ இப்படி டி.சி. வெளியே வரும். ஒற்றை சப்ளையில் ஓடும் பழைய செட்டுகளில் டி.சி.யைத் தடுக்க அவுட்புட்டில் ஒரு பெரிய கண்டென்சர் இருக்கும். அது லீக் ஆனாலும் இதே கதிதான்.

சோதிப்பது சுலபம். ஸ்பீக்கர், ஹெட்போன் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, ஆம்ப்ளிபயரைப் போட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். மல்டி மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்பீக்கரின் சிவப்பு, கறுப்பு முனைகளுக்கு இடையே பாருங்கள். 50 மில்லி வோல்ட்டுக்குள் இருந்தால் கவலை இல்லை. 100-ஐத் தாண்டினால் மெக்கானிக்கிடம் காட்டுவது நல்லது. வோல்ட் கணக்கில் காட்டினால் எதையும் மாட்டவே கூடாது. மூடியைக் கழற்றி உள்ளே கை வைப்பது மெக்கானிக்கின் வேலை, நம் வேலை அல்ல.

பாதுகாப்புக்கு ஸ்பீக்கர் புரொடெக்‌ஷன் போர்டு என்று ஒன்று இருக்கிறது. அவுட்புட்டில் டி.சி. வந்தால் அதிலுள்ள ரிலே இணைப்பைத் துண்டித்துவிடும். ஸ்விட்ச் போட்டவுடன் வரும் 'டப்' சத்தமும் போகாதபடி சில நொடிகள் தாமதித்தே இணைக்கும். சென்னை ரிச்சி தெரு போன்ற எலக்ட்ரானிக்ஸ் கடை வீதிகளில் கிடைக்கிறது. ஆனால் சிறு அளவு டி.சி.யை இது கண்டுகொள்ளாது. ஆகவே மீட்டர் வைத்துப் பார்ப்பதை விட்டுவிட முடியாது. பியூஸ் இருக்கிறதே என்று நம்புவதும் வீண். அது ஸ்பீக்கரின் அளவுக்குப் போட்டது; அது போவதற்குள் ஹெட்போன் போய்விடும்.

இதையெல்லாம் விட மலிவான வழி ஒன்றை மெக்கானிக் சொன்னார். ஸ்பீக்கர் முனையிலிருந்து ஹெட்போனுக்கு எடுக்கும்போது, பக்கத்துக்கு ஒன்றாக 330 ஓம்ஸ், 2 வாட் ரெசிஸ்டரைத் தொடராகச் சேர்த்திருந்தால், அந்த 14 வோல்ட்டிலும் ஹெட்போனுக்கு 0.05 வாட் அளவுதான் போயிருக்குமாம். சில ரூபாய்ப் பொருள்!

எல்லா ஆம்ப்ளிபயருக்கும் இது பொருந்தாது. கார் செட்டுகளிலும் இன்றைய சிறிய போர்டுகள் பலவற்றிலும் கறுப்பு முனை எர்த் அல்ல. அதிலும் மின்சாரம் இருக்கும். ஹெட்போன் பிளக்கில் இரண்டு பக்கத்துக்கும் எர்த் ஒன்றே என்பதால் அதைச் செருகினால் ஆம்ப்ளிபயரே போய்விடும். கல்யாண மண்டபத்து ஹாரன்களுக்குப் போகும் 100 வோல்ட் லைனில் ஹெட்போனை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

இனி நம் கடைக்கு வருவோம். ஹெட்போன் திரும்பி வந்தால் உடனே புதியதைப் பிரிக்காதீர்கள். மீட்டரை ஓம்ஸில் வைத்துப் பிளக்கில் பாருங்கள். 32 ஓம்ஸ் என்று அட்டையில் இருந்தால் ஏறக்குறைய அதே காட்ட வேண்டும். ஒன்றும் காட்டவில்லை என்றால், பிளக் அருகே வயரை வளைத்துப் பாருங்கள். வளைக்கும்போது ரீடிங் வந்து போனால் வயர் அறுந்திருக்கிறது. அது கம்பெனிக்குத் திருப்பி அனுப்பக்கூடியது. எப்படி வளைத்தாலும் வராவிட்டால் காயில் எரிந்திருக்கக்கூடும். எதில் மாட்டினீர்கள் என்று அப்போதே கேளுங்கள். போனிலா, ஆம்ப்ளிபயரிலா என்பதைப் பில்லின் பின்னால் எழுதி வையுங்கள்.

எனக்குச் சரக்கு கொடுத்த மொத்த வியாபாரி, காயில் எரிந்ததற்கு வாரண்டி இல்லை என்று கைவிரித்துவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. மூன்றில் இரண்டின் விலையை மைக் செட்காரர் தாமாகவே கொடுத்தார். மூன்றாவதை நானாகக் கொண்டுபோய்ச் செருகியதால் அதை என் கணக்கில் எழுதிக்கொண்டேன். டிரான்சிஸ்டர் மாற்றி ரிலே போர்டும் போட்ட பிறகு அந்த ஆம்ப்ளிபயர்தான் எங்கள் தெருக் கோவில் கொடைக்குப் பாடியது.