உருண்டைக்கள்ளி: வளர்ப்பும் விதையெடுப்பும்

கள்ளி என்றவுடன் நம் கமக்காரருக்கு நினைவில் வருவன வேலியோரத்துச் சதுரக்கள்ளியும் கொம்புக்கள்ளியுமே. ஒரு கொம்பை ஒடித்து மண்ணில் ஊன்றிவிட்டால் அவை வேர்கொண்டு தழைத்துவிடும். அவற்றை வளர்ப்பதற்கு எவரும் அறிவுரை கேட்பதில்லை. ஆனால் அவற்றின் பேரினத்தையே சேர்ந்த ஒரு குறுஞ்செடி, அண்மைக் காலத்திற் பூச்செடி விரும்புவோரிடையே பெரிதும் நாடப்படுகின்றது. அதற்கு ஊன்றக் கொம்பில்லை. பிரித்து நடப் பக்கக் கன்றுமில்லை. விதையொன்றே அதனைப் பெருக்கும் வழி. விதை கிடைப்பதற்கோ ஆண்செடி ஒன்றும் பெண்செடி ஒன்றும் வேண்டும். இதனை அறியாமல் ஒற்றைச் செடியை வாங்கி, மாரிமழையில் அதனை அழுகவிட்டு, மீண்டும் ஒன்றை விலைகொடுத்து வாங்குவோர்க்கென எழுதப்பட்டதே இத்துண்டுப் பிரசுரம்.

தாவரவியலார் இதற்கு வழங்கும் பெயர் யூபோர்பியா ஒபேசா என்பது. ஒபேசா என்னும் இலத்தீன் சொல்லுக்குப் பருத்தது என்பது பொருள். தமிழில் இதற்கு வழக்குப் பெயர் இல்லாமையால் இங்கு உருண்டைக்கள்ளி எனக் குறிப்பிடுகின்றோம். 1903ஆம் ஆண்டில் இதற்குப் பெயரிட்டு விவரித்தவர் சேர் யோசேப்பு டால்ட்டன் ஊக்கர் என்னும் ஆங்கிலேயத் தாவரவியலாளர். பேராதனைப் பூங்காவின் அதிபராயிருந்த திரைமென் 1896இற் காலமானபோது முற்றுப்பெறாதிருந்த இலங்கைத் தாவரங்கள் பற்றிய பெருநூலின் இறுதிப் பகுதிகளை 1898இலும் 1900இலும் வெளியிட்டு நிறைவு செய்தவரும் இவரே.

செடியின் இயல்பு

உருண்டைக்கள்ளிக்குக் கிளையில்லை, முள்ளில்லை, கண்ணுக்குத் தெரியும் இலையுமில்லை. சாம்பல் கலந்த பச்சை நிறமுடைய ஓர் உருண்டையே செடி முழுவதும். அதன்மேல் பெரும்பாலும் எட்டு வரம்புகள் உச்சியிலிருந்து அடிவரை இறங்கும். ஒவ்வொரு வரம்பின் முகட்டிலும் ஊசியால் தையலிட்டாற்போல் சிறு புடைப்புக்கள் வரிசையாக அமைந்திருக்கும். வெயில்படும் பக்கத்தில் ஊதா நிறக் கீற்றுக்கள் குறுக்கே ஓடும். வளர்ந்த செடியின் விட்டம் ஏறத்தாழ 9 சதமமீற்றர். உயரம் 20 சதமமீற்றர் வரையிற் செல்லலாம். இளமையிற் பந்துபோலிருப்பது முதுமையிற் சற்றே நீண்டு தூண்போலாகும். அடிப்பகுதி கபில நிறமாகித் தக்கைபோல் இறுகுவதும் முதுமையின் இயல்பேயாகும். அதனை நோயென்று கருதி மருந்தடிப்போர் பலர். அது வேண்டாத செயல்.

இதன் தாயகம் தென்னாபிரிக்காவின் கரூ எனப்படும் வறண்ட நிலப்பரப்பு. அப்பரப்பிலும் எங்கும் இது காணப்படுவதில்லை. கிராஃப் ரைனெற் என்னும் ஊருக்குத் தெற்கே, கென்ட்ரூவைச் சூழ்ந்த ஒரு சிறு வட்டாரத்தில் மட்டுமே இயற்கையாக வளர்கின்றது. அங்கே ஆண்டொன்றிற்குப் பெய்யும் மழை 200 முதல் 300 மில்லிமீற்றர் வரையில் ஆகும். அதுவும் பெரும்பாலும் கோடையிற் பெய்வது. கற்களுக்கிடையிலும் குறும்பற்றைகளின் அரைநிழலிலும் இச்செடி பதுங்கியிருக்கும். அதன் நிறமும் கீற்றும் கல்லோடு கல்லாகத் தோன்றுவதால், அருகே நிற்போரும் அதனை எளிதிற் கண்டுகொள்வதில்லை.

கண்டுகொண்டோர் விட்டுவைக்கவில்லை. பெயரிடப்பட்டுச் சில ஆண்டுகளுக்குள்ளேயே சேகரிப்போரும் வணிகரும் அதனைப் பெருந்தொகையாகப் பிடுங்கிச் சென்றனர். இருந்த இடமோ சிறியது. ஆதலின் இனம் அற்றுப்போகும் நிலை ஏற்பட்டது. பின்னர் அந்நாட்டுச் சட்டம் அதற்குக் காப்பளித்தது. எனினும் அதனை இன்றளவும் காப்பாற்றியதிற் பெரும்பங்கு விதையிட்டு வளர்த்த நாற்றுமேடைக்காரர்க்கு உரியது. இன்று உலகெங்கும் விற்பனையாகும் செடிகளில் மிகப் பெரும்பாலானவை விதைநாற்றுக்களே. ஆயினும் 2019ஆம் ஆண்டையொட்டித் தென்னாபிரிக்காவிற் குறுஞ் சதைப்பற்றுச் செடிகளைக் களவாகப் பிடுங்கி விற்கும் தொழில் மீண்டும் பெருகியது. ஆதலால் வாங்குவோர் பார்த்து வாங்குதல் வேண்டும். நாற்றுமேடையில் வளர்ந்த செடியின் தோல் ஒழுங்காகவும் மாசற்றும் இருக்கும். வேர் முழுமையாக இருக்கும். வடுக்கள் நிறைந்து, உருவம் கோணி, தடித்த ஆணிவேர் அறுபட்ட நிலையில் ஒரு பெரிய செடி விலைக்கு வருமாயின் அதனை ஐயுறுதல் தகும்.

பிறநாட்டிலிருந்து தருவிக்க விரும்புவோர், விதையாயினும் செடியாயினும், 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முன்னரே அனுமதி பெறல் வேண்டும். செடியாயின் அருகிவரும் உயிரினங்களின் வாணிபம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின்படி ஏற்றுமதி நாட்டின் சான்றும் வேண்டும். உள்நாட்டில் விதையிட்டு வளர்த்தவரிடம் வாங்குவதே இத்தொல்லைகளுக்கு இடமில்லாத வழி.

சாடியும் மண்ணும்

தரையில் நடுதல் நம் நாட்டிற்குப் பொருந்தாது. உருண்டைக்கள்ளிக்கு நேரே கீழிறங்கும் ஆணிவேர் உண்டு. ஆகவே அகன்ற தட்டையான சாடியிலும் ஆழமான மட்சாடியே சிறந்தது. சாடியின் வாய், செடியின் விட்டத்திலும் இருபக்கமும் ஓரங்குலம் கூடுதலாக இருந்தாற் போதும். பெரிய சாடியில் வேரெட்டாத மண் நெடுநாள் ஈரமாகவே கிடக்கும். அவ்வீரமே செடிக்குக் கேடு.

மண்கலவையிற் பாதிக்கு மேற்பட்ட பங்கு கல்லும் மணலுமாக இருத்தல் வேண்டும். உப்பில்லாத பருமணல் ஒரு பங்கு, பயறளவாக நொறுக்கிச் சலித்த கருங்கற்சல்லி அல்லது செங்கல் ஒரு பங்கு, செம்மண்ணும் நன்கு மக்கிய கூட்டெருவும் கலந்து ஒரு பங்கு என்னும் அளவு பொருத்தமானது. கடற்கரை மணலைக் கழுவாமற் பயன்படுத்தலாகாது. தும்புத்தூள் நீரைப் பிடித்து வைத்திருக்கும் இயல்புடையது. பிற பூச்செடிகளுக்கு அது நல்லதே, இதற்கு வேண்டாம். கலவை சரியானதா என அறிய ஒரு சாடியில் இட்டு நீரூற்றிப் பாருங்கள். ஊற்றிய நீர் மேலே தேங்காது உடனே அடித்துளையால் வெளியேறுதல் வேண்டும். செடியை நட்டபின் அதன் கழுத்தைச் சுற்றி ஓரங்குலக் கனத்திற்குச் சிறுசல்லி பரப்பினால், நீர்பட்ட மண் உடலைத் தொடாது.

நீரும் வெயிலும்

சாடிகளில் வளரும் உருண்டைக்கள்ளி இறப்பதற்குப் பெரும்பாலும் நீரே காரணம். யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பெய்யும் மழை ஆண்டொன்றிற்கு 1,000 மில்லிமீற்றருக்கும் மேலாகும். அதிற் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி முடியுமட்டும் கொட்டித் தீர்க்கின்றது. இச்செடி தன் தாயகத்தில் மூன்று ஆண்டுகளிற் காணும் மழையை நம்மூர்ச் செடி மூன்று மாதங்களிற் கண்டுவிடும். ஆகையாற் புரட்டாதி முடியுமுன்னர்ச் சாடிகளைக் கூரையின்கீழ் மாற்றிவிடுங்கள். ஒளிபுகும் தகட்டுக் கூரை சிறந்தது. தாழ்வாரத்தில் வைப்பதாயின் இறவாரத்து நீர் தெறிக்காத இடம் பார்த்து வைத்தல் வேண்டும். காற்று நன்றாக உலவும் இடமாகவும் அது இருக்கட்டும். மழைக்காலத்திற் காற்றோட்டமற்ற மூலையில் வைக்கப்பட்ட செடி, மழைபடாமலே அழுகுவதுண்டு.

மாரியில் நீர் ஊற்றவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. வெயில்விட்ட நாட்களில் மாதத்திற்கு ஒருமுறை சிறிதளவு ஊற்றுதல் கேடன்று. ஊற்றாது விடுதலும் கேடன்று. தை பிறந்து மழை ஓய்ந்தபின் நீரைப் படிப்படியாகக் கூட்டலாம். சோழகக் காற்று வீசும் வறண்ட மாதங்களிற் பத்து நாளைக்கு ஒருமுறை, சாடி முழுவதும் நனைய ஊற்றி, அடுத்தமுறை ஊற்றுமுன் மண் அடிவரை உலர்ந்துவிட்டதா எனப் பாருங்கள். ஓர் ஈர்க்கைச் சாடியின் ஓரமாக அடிவரை செலுத்தி எடுத்தால், அதில் ஒட்டும் மண்ணே விடை சொல்லும். உடல் சற்றுச் சுருங்கி, வரம்புகள் எடுப்பாகத் தெரிந்தால் அது தாகத்தின் குறி; ஒருமுறை நீர்பட்டதும் நிமிர்ந்துவிடும். அடிப்பகுதி கபிலமாகி விரலுக்கு மெத்தென்று அமுங்கினால் அது அழுகல். அதற்கு மருந்து ஏதுமில்லை. இவ்விரண்டையும் மயங்கி, அழுகுஞ் செடிக்கு மேலும் நீர் வார்ப்பது வழக்கமாகக் காணப்படும் தவறு.

குடாநாட்டுக் கிணற்றுநீர் சுண்ணாம்புக் கற்படையில் ஊறுவது; பல இடங்களில் உவரும் கலந்தது. அது செடியின் தோலில் வெண்படையாகப் படிவதுடன் நாளடைவில் மண்ணையும் கெடுக்கும். மாரியிற் பிடித்து மூடிவைத்த மழைநீர் உள்ளோர் அதனையே பயன்படுத்துக.

வெயிலைப் பொறுத்தவரை காலை வெயில் முழுவதும் படலாம். பங்குனி, சித்திரை மாதங்களின் நண்பகல் வெயிலுக்கு நிழல்வலை வேண்டும். நிழலில் இருந்த செடியைத் திடீரென வெயிலில் வைத்தால் தோல் வெந்து வடுவாகும். அவ்வடு செடியின் ஆயுள்வரை மாறாது. இரண்டு மூன்று கிழமைகளிற் சிறிது சிறிதாகப் பழக்குதல் வேண்டும். முழு நிழலில் வைத்தாலோ உடல் வெளிறி மேல்நோக்கி நீண்டு உருவம் கெடும்.

பசளை மிகக் குறைவாகவே வேண்டும். கரையக்கூடிய கலப்புப் பசளையைப் பிற செடிகளுக்கிடும் செறிவில் நாலிலொரு பங்காகக் கரைத்து, வளரும் காலத்தில் இருமுறை ஊற்றினாற் போதும். நைதரசன் மிகுந்தால் உடல் ஊதித் தோல் வெடிக்கும்.

பீடைகளில் மாவுப்பூச்சியே முதன்மையானது. வரம்புகளின் இடுக்கில் வெண்பஞ்சுபோற் காணப்படும் அவற்றை மதுசாரம் தோய்த்த தூரிகையால் துடைத்து அகற்றலாம். வேரைத் தாக்கும் இனமும் உண்டு. காரணமின்றிச் செடி வளர்ச்சி குன்றினால் சாடியிலிருந்து எடுத்து வேரைப் பாருங்கள். வெண்மை காணப்பட்டால் பழைய மண் முழுவதையும் நீக்கி, வேரைக் கழுவி, ஒரு கிழமை நிழலில் உலரவிட்டுப் புதுமண்ணில் நடுக.

இச்செடிகளைக் கையாளும்போது ஓர் எச்சரிக்கை. கொம்புக்கள்ளியைப்போல இதன் பாலும் தோலை எரிக்கும். கண்ணிற் பட்டாற் கடும் நோவும் பார்வைக் கேடும் உண்டாகலாம். பட்டால் நீரால் நெடுநேரம் கழுவி உடனே வைத்தியரிடம் செல்லுங்கள். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டிற் சாடிகளை எட்டாத உயரத்தில் வைத்தல் வேண்டும்.

ஆண்செடி, பெண்செடி, விதை

பனங்கொட்டையை ஊன்றியவர், முளைப்பது ஆண்பனையோ பெண்பனையோ என்பதை அது பாளை தள்ளும்வரை அறியார். உருண்டைக்கள்ளியின் நிலையும் அதுவே. சில ஆண்டுகள் வளர்ந்து உச்சியைச் சுற்றிச் சிறு பூக்கள் தோன்றும்போதுதான் பால் தெரியும். உருப்பெருக்கிக் கண்ணாடியாற் பார்த்தால், ஆண்செடியின் பூவில் மஞ்சள் மகரந்தத் தூளும் பெண்செடியின் பூவில் மூன்றாகப் பிளந்த சூல்முடியும் புலப்படும். எனவே நாற்றாக வாங்குவோர் ஒன்றிரண்டு வாங்குதல் பயனற்றது. ஐந்தாறு நாற்றுக்கள் வாங்கினால் இருபாலும் அமைய வாய்ப்பு மிகுதி. ஒற்றைச் செடி வைத்திருப்போர் அதன் பாலை அறிந்து, மற்றப்பால் வைத்திருப்பவரைத் தேடிப் பூக்கும் காலத்திற் செடியைக் கடனாக வாங்குதலிற் பிழையில்லை.

மகரந்தச் சேர்க்கையைப் பூச்சிகளிடம் விட்டுவிடாது கையாற் செய்வதே நம்பத்தக்கது. வெயிலேறிய காலைப்பொழுதில் மெல்லிய வண்ணத்தூரிகையால் ஆண்பூவின் தூளை எடுத்துப் பெண்பூவின் சூல்முடியிற் தடவுங்கள். சில நாட்கள் தொடர்ந்து செய்தல் நன்று.

கருக்கட்டினால் மூன்று அறைகளையுடைய சிறு காய் உருவாகும். ஆமணக்கும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. முற்றிய ஆமணக்கங்காய் வெயிலில் வெடித்து வித்தெறிவதை அறியாதார் இலர். உருண்டைக்கள்ளியின் காயும் அவ்வாறே வெடித்து, அறைக்கு ஒன்றாக உள்ள மூன்று விதைகளையும் தொலைவில் எறிந்துவிடும். ஓராண்டு காத்திருந்து பெற்ற விதையை முற்றத்து மணலிற் தேடுவோர், காய் முற்றுமுன்னரே மெல்லிய வலைத்துணியாற் செடியின் தலையை மூடிக் கட்டியிருத்தல் வேண்டும்.

விதைக்குப் புதிதாயிருத்தலே சிறப்பு. நாட்பட முளைதிறன் குறையும். மண்கலவையைச் சலித்து, கொதிநீர் ஊற்றி ஆறவிட்டுச் சிறு சாடியில் நிரப்பி, விதைகளை மேலே பரப்பி, மறையுமளவிற்கு மட்டும் மென்சல்லி தூவுக. நீரை மேலிருந்து ஊற்றாது, சாடியை நீர்த்தட்டில் வைத்து அடியால் ஊறவிடுக. கண்ணாடித் துண்டால் மூடி நிழலில் வைத்தால் ஒரு கிழமை முதல் மூன்று கிழமைக்குள் முளை தோன்றும். முளைத்ததும் மூடியை அகற்றிக் காற்றுப்படச் செய்யாவிடில் பங்கசு பற்றி நாற்றுக்கள் ஒரே இரவிற் சாயும். மாரியில் விதைப்பதைத் தவிர்த்து மாசி, பங்குனியில் விதைத்தல் நன்று. முதலாண்டில் நாற்றுக்களை முற்றாக உலரவிடலாகாது. கடும் வெயிலும் ஆகாது. ஓராண்டின் பின் தனிச்சாடிகளுக்கு மாற்றலாம்.

இன்னுமொன்று கவனத்திற்குரியது. உருண்டைக்கள்ளி தன்னையொத்த யூபோர்பியா மெலோஃபோர்மிஸ் போன்ற இனங்களோடு எளிதிற் கலக்கும். இரண்டையும் அருகருகே வைத்திருப்போர், கைச்சேர்க்கை செய்யும் காலத்திற் பெண்செடியைத் தனியே எடுத்துவைத்து வலையிட்டு மூடுதல் வேண்டும். அவ்வாறு செய்யாது பெற்ற விதையை உருண்டைக்கள்ளி விதை எனப் பிறர்க்குக் கொடுத்தல் தகாது. ஒவ்வொரு விதைப்பொதியிலும் தாய்ச்செடி, தந்தைச்செடி, விதையெடுத்த திகதி ஆகிய மூன்றையும் எழுதிவைக்குக.