இந்துப்பு கற்பிக்கும் வணிகப் பாடம்

பத்தாம் வகுப்பில் ‘இந்தியாவின் சர்வதேச உறவுகள்’ குடிமையியலிலும், ‘உலகமயமாதல் மற்றும் வர்த்தகம்’ பொருளியலிலும் தனித்தனியே உள்ளன. இவ்விரண்டையும் இணைக்க நான் வகுப்பில் எடுத்துக்கொள்ளும் பொருள் இந்துப்பு. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருப்பதால் எங்கள் பகுதி மாணவர்களுக்கு இந்தப் பெயர் புதிதன்று. இந்த உப்புக்குப் பெயர்பெற்ற கேவ்ரா சுரங்கம் பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் உள்ளது என்றதும் கேள்வி எழும்: “பகை நாட்டிடம் ஏன் சார் வாங்க வேண்டும்?”

இக்கேள்வியை அடக்கிவிடாமல் வரலாற்றிலிருந்து தொடங்கலாம். பிரிவினையின்போது சணல் வயல்களில் பெரும்பகுதி கிழக்கு வங்காளத்துக்கும், ஆலைகள் ஹூக்ளிக் கரையில் இந்தியாவுக்கும் சென்றன. 1949 செப்டம்பரில் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது, பாகிஸ்தான் குறைக்கவில்லை. வணிகம் முடங்கியது. பிறகு அவர்கள் ஆலைகளைக் கட்டினார்கள். நாம் சணல் சாகுபடியைப் பெருக்கினோம். ஒரே தொழிலுக்கு இரட்டைச் செலவு!

1996இல் பாகிஸ்தானுக்கு இந்தியா ‘மிகவும் வேண்டப்பட்ட நாடு’ என்ற தகுதியை அளித்தது. பெயரைக் கேட்டுத் தனிச்சலுகை என்று மாணவர்கள் எண்ணுவார்கள். பிற உறுப்பு நாடுகளுக்கு விதிக்கும் வரியையே இதற்கும் விதிப்பது என்பதுதான் பொருள். 2019 பிப்ரவரியில், புல்வாமா தாக்குதலுக்குப் பின் அத்தகுதி நீக்கப்பட்டு 200 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. ஆகஸ்டில் பாகிஸ்தான் வணிக உறவை நிறுத்தியது. பஹல்காம் தாக்குதலுக்குப் பின், 2025 மே மாதம், மூன்றாம் நாடு வழியாக வரும் பாகிஸ்தான் பொருள்களுக்கும் இந்தியா தடை விதித்தது.

தடைகள் இல்லையெனில் இருநாட்டுச் சரக்கு வணிகம் 3,700 கோடி டாலரை எட்டக்கூடும் என்று உலக வங்கி 2018இல் மதிப்பிட்டது. அப்போது நடந்ததோ சுமார் 200 கோடி டாலர்தான்.

இங்கே சீனாவை ஒப்பிடச் சொல்லுங்கள். 2020 கல்வான் மோதலுக்குப் பிறகும் அந்நாட்டுடனான நம் ஆண்டு வணிகம் 10,000 கோடி டாலரைத் தாண்டியுள்ளது. மின்னணு உதிரிபாகங்களுக்கும் மருந்து மூலப்பொருள்களுக்கும் உடனடி மாற்று எளிதில் கிடைப்பதில்லை. இந்துப்பு இல்லாமல் சமாளித்துவிடலாம். ஆக, பகை மட்டுமன்று, மாற்று கிடைப்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது.

வணிகம் இருந்தால் போர் வராது என்றும் கற்பித்துவிடக் கூடாது. 1996க்குப் பின்தான் கார்கில் போர் நடந்தது. கரும்பலகையில் இரண்டு பத்திகள் போடுங்கள்: ‘நிறுத்தினால் யாருக்கு இழப்பு?’, ‘தொடர்ந்தால் என்ன ஆபத்து?’ மாணவர்களே நிரப்பட்டும். நாட்டுப்பற்றும் கணக்கும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்பதை அவர்கள் தாமாகவே உணர்வார்கள்.