இனிப்பு நீருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஆய்வும் செய்ய வேண்டுமா?

மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் ஒருவருக்கு 6.4 விழுக்காடு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். லண்டனில் இருந்தால் அவருக்கு நீரிழிவு இல்லை, வரக்கூடும் என்று எச்சரித்து அனுப்புவார்கள். ஜாசினில் உள்ள கிளினிக் கெசிஹாத்தானுக்கு அதே 6.4உடன் போனால், இன்னொரு முறை எடுத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டு, நீரிழிவு என்றே அட்டையில் எழுதிவிடுவார்கள். உலகின் பெரும்பாலான நாடுகள் 6.5இல் கோடு போடுகின்றன. மலேசியச் சுகாதார அமைச்சின் சிகிச்சை வழிகாட்டி 6.3இல் போடுகிறது.

இந்த வித்தியாசம் மலேசியாவின் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் வேலை. நாட்டின் பல பகுதிகளில் 4,341 பேருக்கு, சர்க்கரைத் தண்ணீர் குடிக்கவைத்து எடுக்கும் பழைய பரிசோதனையையும் எச்பிஏ1சியையும் சேர்த்தே செய்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 6.5 என்று வைத்தால் நோய் உள்ள பலர் விடுபட்டுப்போகிறார்கள், 6.3 நம் மக்களுக்குப் பொருந்துகிறது என்று 2013இல் வெளியிட்டார்கள். பின்னர் வந்த வழிகாட்டிகள் அதை ஏற்றுக்கொண்டன. ஓர் ஆய்வுக் கட்டுரை அலோர் காஜாவிலும் மெர்லிமாவிலும் ஆயிரக்கணக்கானவர்களின் மருந்துச் சீட்டை மாற்றுவது இப்படித்தான்.

மலேசிய இந்தியர்களான நம்மவர்களுக்கு இதில் அக்கறை அதிகமாகவே இருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய்க் கணக்கெடுப்பில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. மொத்தமுள்ள அந்த 18.3இல் 8.9 விழுக்காட்டினர், அதாவது கிட்டத்தட்ட பாதிப்பேர், தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாதவர்கள். 2023இல் நாட்டளவு 15.6ஆகக் குறைந்தது. கொண்டாட அவசரப்பட வேண்டாம், அது நாடு முழுவதற்குமான கணக்கு.

இந்தக் கணக்கெடுப்புகளில் ஒரு சிக்கல் உண்டு. நம் மலாக்காவில் இந்தியர்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நாடு தழுவிய ஆய்வில் மலாக்கா இந்தியர்களை மட்டும் பிரித்தெடுத்தால் கையில் மிஞ்சுபவர்கள் கொஞ்சம்பேர்தான். அவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்துத் தெபோங்கில் இருப்பவருக்கு ஒன்று, காஜா பெராங்கில் இருப்பவருக்கு ஒன்று என்று எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதைச் சொல்லக்கூடியவர் அந்த நோயாளிகளை வாரந்தோறும் பார்க்கிற டாக்டர். ஆனால் பார்ப்பது மட்டும் போதாது, பார்த்ததை எண்ணி எழுதவும் ஒப்பிடவும் அவர் பழகியிருக்க வேண்டும். சிகிச்சைப் பயிற்சியையும் ஆய்வுப் பயிற்சியையும் ஒன்றாகக் கொடுக்க வேண்டும் என்று மருத்துவக் கல்வியாளர்கள் சொல்வது இதனால்தான்.

இது புதிய யோசனை அல்ல. பக்கத்து மாநிலத்திலேயே, நம் கொள்ளுத்தாத்தாக்களின் சோற்றை வைத்தே ஒரு முறை நடந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி கொத்துக் கொத்தாக ஆட்களைக் கொன்றது. கால் மரத்து, உடம்பு வீங்கி, இதயம் நின்றுபோகும் நோய். நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் ஒன்றைக் கவனித்தார்: ஆலையில் தீட்டிய பச்சரிசி சாப்பிடும் சீனத் தொழிலாளர்கள் விழுகிறார்கள், புழுங்கல் அரிசி சாப்பிடும் தமிழர்கள் விழுவதில்லை. 1907இல் புத்தகமாகவே எழுதினார். காரணத்தை மட்டும் தப்பாகப் பிடித்தார், கெட்ட அரிசியில் விஷம் இருக்கிறது என்று நினைத்தார். அதே காலத்தில் வில்லியம் பிளெட்சர், கோலாலம்பூர் மனநோய் விடுதியில் ஒரு பாதிக்குத் தீட்டிய அரிசியும் மறு பாதிக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். நோய் முதல் பாதியைத்தான் தாக்கியது. பிறகு மருத்துவ ஆய்வுக் கழகத்தின் பிரேசரும் ஸ்டான்டனும் ஜெலெபு பக்கம் டுரியான் திப்புஸில் சாலை போட வந்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரண்டாகப் பிரித்து, அரிசியை மாற்றிக் கொடுத்தார்கள். தீட்டிய அரிசி போன பக்கமெல்லாம் பெரிபெரியும் போனது. தீட்டும்போது உதிரும் தவிட்டில்தான் சத்து இருக்கிறது என்பது அதற்குப் பிறகு தெளிவானது. இன்று அதை வைட்டமின் பி1 என்கிறோம்.

இதை அப்படியே புகழ முடியாது. மனநோய் விடுதியில் இருந்தவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இன்று எந்த மலேசிய மருத்துவமனையிலும் அப்படிச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் வார்டில் எழுந்த சந்தேகம் ஆய்வாக மாறிய வழி கவனிக்கத்தக்கது. 6.3 கோட்டைக் கொடுத்ததும் பிரேசரும் ஸ்டான்டனும் வேலை பார்த்த அதே கழகம்தான்.

நீரிழிவில் இந்தக் கலவைக்கு நல்ல உதாரணம் சென்னை. டாக்டர் மு. விஸ்வநாதன் 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார். 1954இல் ராயபுரத்தில் அவர் அமைத்த மருத்துவமனையில் சிகிச்சையும் ஆய்வும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. அவர் மகன் மோகன் மருத்துவ மாணவராக இருந்தபோதே தந்தையோடு ஆய்வில் இறங்கியவர். அந்த வட்டத்திலிருந்து வந்த டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை எல்லையில் நின்ற 531 பேரை நான்கு குழுவாகப் பிரித்து ஏறத்தாழ மூன்றாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. நடைப்பயிற்சியும் உணவு மாற்றமும் செய்தவர்களில் 39.3. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களில் 40.5. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு? 39.5தான், கூடுதல் லாபம் இல்லை. 2006இல் வெளிவந்த இந்த முடிவு, ஒல்லியாக இருந்தும் வயிற்றில் கொழுப்பு சேரும் இந்திய உடம்புக்கும் நடைப்பயிற்சி பலிக்கும் என்று காட்டியது. மேலைநாட்டவரின் எடையை வைத்து நம்மவரை அளக்கக் கூடாது என்பதற்குப் புனேயின் டாக்டர் யாஜ்னிக் நல்ல சாட்சி: அவருக்கும் ஒரு பிரிட்டிஷ் நண்பருக்கும் உடல் நிறைக் குறியீடு ஒரே 22.3. கொழுப்போ நண்பருக்கு 9.1 விழுக்காடு, இவருக்கு 21.2. மலேசிய வழிகாட்டியில் 23லிருந்தே கூடுதல் எடை என்று கணக்கிடுவதன் பின்னணியில் இப்படிப்பட்ட ஆய்வுகள் இருக்கின்றன.

சரி, ஒரு டாக்டர் இரண்டையும் எப்படிக் கற்பது? பிரிட்டனில் இதற்கென்றே பதவி உண்டு. 2005இல் வந்த ஓர் அறிக்கைக்குப் பிறகு, நிபுணத்துவப் பயிற்சியில் இருக்கும் இளம் டாக்டர்களில் சிலருக்கு வேலை நேரத்தில் நான்கில் மூன்று பங்கு நோயாளிகளுக்கும், ஒரு பங்கு ஆய்வுக்கும் என்று எழுத்திலேயே ஒதுக்கித் தருகிறார்கள். பிறகு முனைவர் பட்டம், அதன்பின் பாதிக்குப் பாதி.

நம் நாட்டில் பாதை நீளமானது. ஐந்தாண்டு மருத்துவப் படிப்பு, இரண்டாண்டு ஹவுஸ்மேன், பிறகு மருத்துவ அதிகாரி. அங்கிருந்து பொது மருத்துவ நிபுணராக இரண்டு வழிகள்: உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் நான்காண்டு மாஸ்டர்ஸ், அல்லது பிரிட்டிஷ் எம்ஆர்சிபி தேர்வு. மாஸ்டர்ஸில் ஆய்வேடு கட்டாயம். எம்ஆர்சிபியில் அது இல்லை. இதற்குப் பிறகுதான் நாளமில்லாச் சுரப்பிகளுக்கான மூன்றாண்டு உயர்பயிற்சி. சுகாதார அமைச்சில் அதற்கு மையம் புத்ராஜெயா மருத்துவமனை. ஆக, ஒருவர் கேள்வி வகுத்து விடை தேடும் பயிற்சியை ஒழுங்காகப் பெறாமலே நிபுணராகிவிட முடியும். திறமைக்கு அதில் குறைவில்லை. ஆனால் கூட்டம் நிரம்பிய கிளினிக்கில் அந்தப் பழக்கத்தைப் பிறகு தொற்றிக்கொள்வது கஷ்டம்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு சாதகமும் இருக்கிறது. 1997இல் தொடங்கிய மலாக்கா மணிப்பால் மருத்துவக் கல்லூரியின் மாணவர்கள் பல ஆண்டுகளாகப் படிப்பின் முதல் பாதியைக் கர்நாடகத்திலும் மறு பாதியை மலாக்காவிலும் மூவாரிலும் முடித்தார்கள். வார்டில் அவர்கள் கேட்டுப் பழகிய நோயாளிகள் நாம்தான்.

நாளமில்லாச் சுரப்பித் துறை என்றால் நீரிழிவு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். தைராய்டு, பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் எல்லாம் இதில் அடக்கம். முட்டிவலிக்கு ஜாமு வாங்கிக் குடிப்பவர்கள் கவனிக்க: அதில் கள்ளத்தனமாகக் கலந்த ஸ்டீராய்டை அதிகாரிகள் பல முறை பிடித்திருக்கிறார்கள். மாதக்கணக்கில் குடித்தால் சர்க்கரை ஏறும், அட்ரீனல் தூங்கிப்போகும். திடீரென்று நிறுத்தினால் ஆள் மயங்கி விழலாம்.

எந்த ஆய்வு முதலில் வேண்டும் என்று கேட்டால் நான் இரண்டைச் சொல்வேன். தோட்டத்தில் பிறந்து இன்று பத்து பெரெண்டாம் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவர் இன்சுலினை எப்போது போட வேண்டும், அதிகாலையில் சாப்பிடும் நாசி லெமாக்கை எந்த வேளைக் கணக்கில் வைப்பது? இன்னொன்று விரதம். ரமதான் நோன்பில் மருந்தை எப்படி மாற்றுவது என்பதற்கு மலேசியாவிலேயே ஆய்வுகள் நிறைய, அனைத்துலக வழிகாட்டியும் உண்டு. செங் சன்னாசிமலைக்கு மாசி மகத்தன்று விரதமிருந்து வெறுங்காலோடு காவடி எடுத்துப் போகிறவருக்கு அந்த அளவுக்கு யாரும் எழுதித் தரவில்லை. சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவருக்குச் சூடான தார்ச்சாலையில் கொப்புளம் வருவதே தெரியாது. ஒரு நைலான் இழையைப் பாதத்தில் அழுத்தி உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்குச் சில நிமிடங்கள் போதும். திருவிழாவுக்கு முன்னும் பின்னும் அதைச் செய்து பதிவுசெய்ய மலாக்காவில் பயிற்சியிலிருக்கும் ஓர் இளம் டாக்டரால் முடியும். அதற்கு முன் அமைச்சின் ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து, நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வாங்க வேண்டும்.

அப்படி ஒருவர் உங்களிடம் வந்தால் என்ன கேட்பது? எதற்காக இந்த ஆய்வு, என் இரத்தத்தை எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள், என் பெயர் வெளியே போகுமா, முடிவு எனக்குச் சொல்லப்படுமா என்று கேளுங்கள். தமிழில் விளக்கச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. முடியாது என்று சொன்னாலோ பாதியில் விலகினாலோ உங்கள் வழக்கமான சிகிச்சை ஒரு மாத்திரைகூடக் குறையக் கூடாது. படிவத்தில் அங்கேயே கையெழுத்துப் போட வேண்டிய அவசரமில்லை, வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிள்ளைகளிடம் படித்துக்காட்டச் சொல்லிவிட்டு அடுத்த கிளினிக் தேதியில் கொடுக்கலாம்.