கோவா டூர்: கையைக் கடிக்காமல் போய்வருவது எப்படி?

நண்பர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் வருடக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும் பிளான், கோவா. அது கைகூடுமா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் தேதிதான்.

எப்போது போகலாம்?

டிசம்பர் கடைசி வாரத்தில் ரூம் வாடகை எகிறிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ரூம் சீப். ஆனால் மழைக்காலக் கடல் ஆபத்தானது. ‘ஷாக்’ எனப்படும் கடற்கரைக் குடில் ஓட்டல்களும் அப்போது இருக்காது. நவம்பர் தொடக்கமோ மார்ச் மாதமோ போனால் செலவும் குறையும், கடலிலும் குளிக்கலாம். சனி, ஞாயிறைத் தவிர்த்தால் இன்னும் மிச்சம்.

எப்படிப் போகலாம்?

ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே தொடங்கிவிடும். மட்காவில் இறங்கியதும் டாக்ஸி பிடித்தால் பட்ஜெட்டில் பெரிய ஓட்டை. கதம்பா அரசு பஸ்ஸில் பணஜி போய், அங்கிருந்து வேறு பஸ்ஸில் கலங்குட், பாகா பீச்சுக்குப் போய்விடலாம். பீச்சிலிருந்து சற்றுத் தள்ளி ரூம் எடுத்தால் வாடகை குறையும்.

வாடகை பைக்கில் என்ன கவனிக்கணும்?

கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கும் வண்டிதான் சட்டப்படி வாடகை வண்டி. வெள்ளை பிளேட் வண்டியை எடுத்து போலீசில் சிக்கினால், மிச்சம் பிடித்த காசு அபராதமாகப் போய்விடும். பீச்சில் திறந்தவெளியில் மது குடித்தாலும் அபராதம் உண்டு.

சிவப்புக் கொடி பறந்தால்?

கடலில் இறங்கவே கூடாது. இருட்டிய பிறகும், குடித்துவிட்டும் இறங்கக் கூடாது. செலவை எதில் வேண்டுமானாலும் குறைக்கலாம். இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம்.