பிங்க் புத்தகத்தைப் படிப்போம்

கருவுற்ற பெண்ணுக்கு நம் வீடுகளில் அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. பப்பாளி தின்னாதே, அன்னாசியைத் தொடாதே, பாலில் குங்குமப்பூ போட்டுக் குடி என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். ஆனால், அரசாங்கச் சுகாதார மருந்தகத்தில் அவளுக்குக் கொடுத்த பிங்க் புத்தகத்தைத் திறந்து படித்தவர்கள் அந்த வீட்டில் எத்தனை பேர்? என் அண்ணி கருவுற்றிருந்தபோதுதான் நானும் அதை முதன்முதலாகப் படித்தேன்.

அந்தப் புத்தகத்தில் ஒட்டப்படும் ஸ்டிக்கரின் நிறத்துக்குப் பொருள் உண்டு. வெள்ளை என்றால் தாதியின் கவனிப்பு போதும். பச்சை என்றால் மருந்தக மருத்துவர் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் நிபுணத்துவ மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் நிலைமையை மதிப்பிடுவதால் நிறம் இடையில் மாறலாம்.

ஏழாம் மாதத்தில் அண்ணியின் இரத்த அழுத்தம் 140/90-ஐத் தாண்டியது, ஸ்டிக்கர் மஞ்சளானது. "யார் கண் பட்டதோ" என்று வீட்டில் கலங்கினார்கள். தாதிதான் பொறுமையாக விளக்கினார். நிறம் என்பது குறையோ தண்டனையோ அன்று; உங்களை யார் கவனிக்க வேண்டும் என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான் என்றார்.

20 வாரத்துக்குப் பிறகு இரத்த அழுத்தம் உயர்ந்து, சிறுநீரில் புரதமும் வெளியேறினால் அது முன்சூல்வலிப்பு நோயாக இருக்கலாம். தொடக்கத்தில் வலியோ சோர்வோ தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் அழுத்தத்தையும் சிறுநீரையும் சோதிக்கிறார்கள். விடாத தலைவலி, கண் மங்குதல், மேல்வயிற்று வலி, முகமும் கைகளும் திடீரென வீங்குதல் ஆகியவை அபாய அறிகுறிகள். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வந்து, தாய், சேய் இருவரின் உயிருக்கும் ஆபத்தாகும்.

34-ஆம் வாரத்தில் ஓர் இரவு அண்ணிக்குத் தலைவலி. "தைலம் தேய்த்துப் படு, காலையில் பார்க்கலாம்" என்றார் வீட்டுப் பெரியவர் ஒருவர். புத்தகத்தைப் படித்திருந்த அண்ணி ஒப்புக்கொள்ளவில்லை. அன்றிரவே மருத்துவமனையில் சேர்த்தோம். தாயும் சேயும் நலமாக வீடு திரும்பினார்கள்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியவை இன்னும் உண்டு. மலேசிய இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம். ஆகவே, இரவு உணவுக்குப் பின் எதுவும் உண்ணாமல் போய், 75 கிராம் குளுக்கோஸ் கலந்த நீரைக் குடித்துச் செய்யும் சோதனையைத் தட்டிக் கழிக்கக் கூடாது. கர்ப்பத்தில் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இறங்கினால் இரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையை இடைவிடாமல் சாப்பிட வேண்டும். குழந்தையின் அசைவுகளை எண்ணிக் குறிக்க ஓர் அட்டவணையும் தருவார்கள். காலை 9 மணி முதல் இரவு 9 மணிக்குள் 10 அசைவுகள் தெரியாவிட்டாலோ, அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தாலோ அன்றே போய்க் காட்ட வேண்டும்.

மூன்று மாதம் முடியும்வரை கர்ப்பத்தை வெளியில் சொல்லாத வழக்கம் நம்மிடம் உண்டு. உறவினருக்குச் சொல்லாமல் இருப்பது அவரவர் விருப்பம். மருந்தகத்துக்குச் சொல்லத் தாமதிக்கக் கூடாது. முதல் பரிசோதனை 12 வாரத்துக்குள் நடந்தால்தான் பழைய நோய்களை முன்கூட்டியே கண்டறிய முடியும்.

பிங்க் புத்தகம் மலாய் மொழியில் இருக்கிறது. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த தாய்மார்களும் மாமியார்களும் நம் குடும்பங்களில் இன்னும் இருக்கிறார்கள். இரவில் தலைவலி வந்தால் என்ன செய்வது என்று முடிவெடுப்பவர்களும் பெரும்பாலும் அவர்களே. மலாயும் தமிழும் அறிந்த பல்கலைக்கழக மாணவர்கள் நாம், ஆண்களும் சேர்த்துத்தான். அக்காளோ அண்ணியோ கருவுற்றால் விடுமுறையில் வீடு செல்லும்போது அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். அபாய அறிகுறிகள் உள்ள பக்கத்தை வீட்டார் அனைவரும் கேட்கத் தமிழில் படித்துச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும்.